கணக்கு நோட்டு யார் கையில்?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மறுநாளே நம் குடியிருப்புகளில் ஒரே பேச்சுதான்: "பிளஸ் ஒன்ல எந்த குரூப்?" மதிப்பெண் அதிகம் எடுத்த பிள்ளைக்குக் கணிதமும் அறிவியலும் உள்ள முதல் குரூப். கொஞ்சம் குறைந்தால் உயிரியல். அதற்கும் கீழே இருந்தால், "காமர்ஸ் எடுத்துக்கோ, பாஸ் ஆயிடலாம்" என்று அனுப்பிவிடுகிறார்கள். அந்த வரிசையில் கடைசியாக நிற்பவர்களில் நம் பிள்ளைகளே அதிகம். கணக்குப்பதிவியல், வணிகவியல், பொருளியல் என்ற மூன்று புத்தகங்களையும் வாங்கிக்கொண்டு வரும் பிள்ளையை வீட்டில் யாரும் வாழ்த்துவதில்லை. "டாக்டருக்குப் படிக்கலையா?" என்ற கேள்விதான் வருகிறது.

திருவண்ணாமலை மாவட்டத்தில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 23 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். ஜவ்வாது மலையிலும் சமவெளியிலும் வாழும் பழங்குடி மக்கள் இதற்கு மேல். நம் வீடுகளில் பெரும்பாலானவை கூலியையும் கடனையும் முன்பணத்தையும் நம்பி நடப்பவை. அதாவது, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை எழுதிய நோட்டு மட்டும் நம் வீட்டில் இருப்பதில்லை. அது மேஸ்திரியிடமோ, மண்டிக்காரரிடமோ, தண்டல்காரரிடமோ இருக்கிறது.

ஆகவே கணக்குப்பதிவியல் என்ற பாடத்தை மதிப்பெண் குறைந்தவர்களுக்கான ஒதுக்கிடமாகப் பார்ப்பதை நாம் நிறுத்த வேண்டும். நம் தாத்தா பாட்டி காலத்தில் நமக்கு எட்டாமல் இருந்த ஒரு கலை, இன்று அரசுப் பள்ளியில் இலவசப் புத்தகமாகக் கையில் கிடைக்கிறது. அதன் மதிப்பைப் புரிந்து எடுப்பது ஒன்று. வேறு வழியில்லாமல் எடுப்பது வேறொன்று.

ஏடு யாரிடம் இருந்தது?

ஊர்க் கணக்கை எழுதியவர் கர்ணம். சில ஊர்களில் கணக்குப்பிள்ளை என்பார்கள். எந்த நிலம் யாருடையது, எவ்வளவு தீர்வை, எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அவர் ஏட்டில் இருந்தது. அப்பாவுக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன் என்று அந்தப் பதவி பரம்பரையாக வந்தது. நம்மவர்களுக்கு அந்த அமைப்பில் இருந்த இடம் வெட்டியான் வேலை. நிலம் அளக்கக் கூடப் போவதும், தண்டோரா போடுவதும், செய்தி சொல்லி ஓடுவதும் நம் வேலை. எழுதுவது அவர்கள் வேலை.

எழுத்து கையில் இல்லாததால் நாம் இழந்தது கொஞ்சமல்ல. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் அளித்த அறிக்கையின் விளைவாக 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க அரசு முடிவெடுத்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். முதல் பத்தாண்டு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத்தான் விற்கலாம் என்ற நிபந்தனையோடு கொடுக்கப்பட்ட நிலம் அது. அப்படியும் அந்த நிலங்களில் பெரும்பகுதி இன்று நம்மிடம் இல்லை. மிரட்டலால் போனது உண்டு. வாங்கிய கடனுக்கு எவ்வளவு கட்டினோம், எவ்வளவு மிச்சம் என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லாததால் போனதும் உண்டு.

வியாபாரக் கணக்கு இன்னும் மூடிய பெட்டி. செட்டிநாட்டு நகரத்தார் கடைகளில் வளரும் பையன்கள் சிறு வயதிலேயே பெட்டியடியில் உட்கார்ந்து வரவு செலவு எழுதப் பழகினார்கள். மார்வாடி அடகுக் கடையிலும் அப்படித்தான். கணக்கு எழுதும் தொழில் பள்ளியில் கற்றதல்ல, கடையில் கற்றது. நமக்குக் கடை இல்லை. கடைக்குள் போகவே இடமில்லாத காலம் அது. எனவே நமக்கு அதைக் கற்றுத்தர வேறு ஓர் இடம் வேண்டியிருந்தது. அந்த இடம் பள்ளி வகுப்பறைதான்.

அந்த வகுப்பறையும் தாமதமாகவே வந்தது. பள்ளி இறுதி வகுப்பு முடித்தவர் பி.யூ.சி. படிக்கக் கல்லூரி இருக்கும் நகரத்துக்குத்தான் போக வேண்டும். 1978இல் பி.யூ.சி. போய் மேல்நிலைக் கல்வி வந்தது. கல்லூரியில் இருந்த பாடங்கள் ஊருக்குப் பக்கத்துப் பள்ளிக்கே வந்து சேர்ந்தன. முதல் பிளஸ் டூ அணி 1980இல் தேர்வு எழுதி வெளியே வந்தது. அதே 1980 நவம்பரில்தான் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஓர் அவசரச் சட்டத்தால் ஒழித்தது. பின்னர் கிராம நிர்வாக அலுவலர் பதவி வந்தது. தேர்வு எழுதி யாரும் அந்த நாற்காலியில் உட்காரலாம் என்றானது. பரம்பரையாக எழுதிய கை விலகியதும், படித்து எழுதும் கை வெளியே வந்ததும் ஒரே ஆண்டில் நடந்தது தற்செயல்தான். ஆனால் நம் பிள்ளைகள் நினைவில் வைக்க வேண்டிய ஆண்டு அது.

வட்டமேசையில் உட்கார்ந்த இருவர்

1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு ஒடுக்கப்பட்ட மக்களின் சார்பில் போனவர்கள் இருவர்: அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும். இருவருடைய அரசியலையும் நாம் பேசுகிறோம். இருவருக்கும் கணக்குத் துறையோடு இருந்த உறவைப் பேசுவதில்லை.

இரட்டைமலை சீனிவாசன் பொதுவாழ்வுக்கு வருமுன் நீலகிரியில் ஐரோப்பியர் நடத்திய வணிக நிறுவனத்தில் கணக்கராக வேலை பார்த்தவர். அங்கிருந்து சென்னை வந்து 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். ஓர் இதழை நடத்துவதென்றால் தாள் விலை, அச்சுக்கூலி, சந்தா பாக்கி என்று எல்லாமே கணக்குதான். கணக்கர் வேலை பார்த்த கைக்கு அது புதிதல்ல.

அம்பேத்கர் படித்தது பொருளாதாரம். 1917இல் பரோடா சமஸ்தானப் பணிக்குப் போனபோது அவர் பயிற்சிக்காக அமர்த்தப்பட்ட இடம் கணக்காயர் அலுவலகம். தங்க அறை கிடைக்காமல், பார்சி விடுதியிலிருந்தும் விரட்டப்பட்டு அந்த ஊரைவிட்டு வெளியேறிய கதையை அவரே எழுதியிருக்கிறார். 1918இல் பம்பாய் சிடன்ஹாம் வணிகவியல் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். 1923இல் ரூபாயின் சிக்கல் பற்றிய அவர் நூல் லண்டனில் வெளிவந்தது. 1925 முதல் 1928 வரை பம்பாயில் பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் வணிகச் சட்டம் நடத்தினார். ஆம், கணக்குப் படிக்கும் மாணவர்களுக்கு அம்பேத்கர் ஆசிரியராக இருந்திருக்கிறார். காமர்ஸ் குரூப் எடுத்த நம் பிள்ளை தலை குனிய வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட வேறென்ன சொல்ல வேண்டும்?

பிறகு அரசியலமைப்பை எழுதும்போதும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. அரசின் ஒவ்வொரு ரூபாயையும் தணிக்கை செய்யும் தலைமைக் கணக்காயர் பதவியைப் பற்றி 1949இல் அரசியல் நிர்ணய சபையில் பேசியபோது, அரசியலமைப்பிலேயே மிக முக்கியமான அதிகாரி அவராகத்தான் இருக்கக்கூடும் என்ற கருத்தை முன்வைத்தார். கணக்கைக் கேட்கும் அதிகாரம் எவ்வளவு பெரியது என்பது அவருக்குத் தெரியும்.

பாடத்துக்குள் என்ன இருக்கிறது?

பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியல் புத்தகத்தைத் திறந்தால் முதலில் வருவது பற்று, வரவு என்ற இரண்டு சொற்கள். 1494இல் இத்தாலியின் வெனிஸ் நகரில் லூக்கா பசியோலி என்ற துறவி அச்சில் விளக்கிய இரட்டைப் பதிவு முறைதான் இன்றும் உலகம் முழுக்க நடப்பது. எந்த ஒரு கொடுக்கல் வாங்கலுக்கும் இரண்டு பக்கம் உண்டு என்பதே அதன் அடிப்படை. ஆட்களின் கணக்குக்கு விதி மிக எளிது: பெறுபவர் கணக்கில் பற்று, தருபவர் கணக்கில் வரவு.

இந்த ஒரு விதியை வைத்து நம் ஊர்க் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான், கதை நம் எல்லோருக்கும் தெரிந்தது.

ஒரு கணவனும் மனைவியும் கரும்பு வெட்டப் போகிறார்கள். மேஸ்திரியிடம் முன்பணம் 60,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். 20 வாரம் வேலை. சாப்பாட்டுச் செலவுக்கு வாரம் 2,000 ரூபாய் மேஸ்திரி தருகிறார். இருவரும் வாரத்துக்கு 10 டன் வெட்டுகிறார்கள். டன்னுக்குக் கூலி 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது அந்தக் குடும்பத்தின் நோட்டில் மேஸ்திரி பெயருக்கு ஒரு பக்கம் திறப்போம். அவர் தந்தது முன்பணம் 60,000, வாரச் செலவு 20 வாரத்துக்கு 40,000. ஆக மேஸ்திரி பக்கம் வரவு 1,00,000. அவர் பெற்றது நம் உழைப்பு: 200 டன், டன்னுக்கு 600 வீதம் 1,20,000. அது பற்று. இரண்டையும் கழித்தால் மேஸ்திரி நமக்குத் தர வேண்டியது 20,000 ரூபாய்.

ஆனால் வேலை முடிந்து கணக்கு பார்க்கும் நாளில் மேஸ்திரி சொல்கிறார்: "இன்னும் 8,000 பாக்கி இருக்கு. அடுத்த வருஷம் வந்து கழிச்சிடுங்க." எப்படி? மழை நாளில் வெட்டிய இரண்டு வாரச் சரக்கு, 12,000 ரூபாய், அவர் நோட்டில் ஏறவில்லை. கமிஷன் என்று 10,000 எழுதியிருக்கிறார். வண்டி வாடகை என்று 6,000. மொத்தம் 28,000. நமக்கு வர வேண்டிய 20,000 போய், நாம் 8,000 கடனாளி ஆகிவிட்டோம். அடுத்த பருவத்துக்கும் அதே மேஸ்திரியிடம் போக வேண்டியதாகிவிட்டது.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. ஆனாலும் செங்கல் சூளையிலும் மரம் வெட்டும் இடத்திலும் அந்த முறை உயிரோடு இருக்கக் காரணங்களில் ஒன்று இந்த ஒரு பக்க நோட்டு. கடன் எவ்வளவு என்று கடன் கொடுத்தவர் மட்டுமே சொல்லும்வரை அந்தக் கடன் தீராது.

இதே பாடப் புத்தகத்தில் வங்கிச் சரிகட்டும் பட்டியல் என்றொரு பாடம் இருக்கிறது. நம் ரொக்க ஏட்டில் வங்கிக் கணக்கின் இருப்பு ஒரு தொகை காட்டும்; வங்கி தரும் செல்லேட்டில் வேறு தொகை இருக்கும். ஏன் வேறுபடுகிறது என்று ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். நம் பிள்ளைகள் இதை ஐந்து மதிப்பெண் கேள்வியாக மட்டும் பார்க்கிறார்கள். அந்தப் பாடம் சொல்வது என்ன? வங்கியே எழுதிய கணக்கானாலும் உன் கணக்கோடு ஒப்பிட்டுப் பார் என்கிறது. வங்கிக்கே அந்த நியாயம் பொருந்தும் என்றால், மேஸ்திரி நோட்டுக்குப் பொருந்தாதா? ஒப்பிட நம்மிடமும் ஒரு நோட்டு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பன்னிரண்டாம் வகுப்பின் முதல் பாடம் 'முழுமை பெறா பதிவேடுகளிலிருந்து கணக்குகள்'. அரைகுறையாக எழுதிய குறிப்புகளிலிருந்து உண்மையான லாப நட்டத்தைக் கண்டுபிடிக்கும் வழி அது. நம் தெருவில் இட்லிக் கடை நடத்தும் அக்கா, ஆடு வளர்க்கும் அண்ணன், சுய உதவிக் குழுவில் கடன் வாங்கித் தையல் மிஷின் போட்ட சித்தி ஆகிய எல்லோருடைய கணக்கும் இந்த வகைதான். பாடத்தைப் படிக்கும் பிள்ளை ஒரு வாரம் அந்த இட்லிக் கடைக் கணக்கை எழுதிப் பார்த்தால், புத்தகத்தில் உள்ள பத்துக் கணக்குகளைப் போட்டதற்குச் சமம்.

தண்டல் கடனையும் இப்படிப் பார்க்கலாம். 10,000 ரூபாய்க் கடன் என்று சொல்லிக் கையில் 9,000 தருவார்கள். நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "ஆயிரம் ரூபாதானே வட்டி" என்று நினைக்கிறோம். நாள்தோறும் கட்டிக்கொண்டே போவதால் சராசரியாக நம் கையில் இருந்த கடன் 4,500 ரூபாய் அளவுதான். அதற்கு 100 நாளில் 1,000 ரூபாய் என்றால், ஆண்டுக்கு ஏறத்தாழ 80 விழுக்காடு வட்டி. கந்துவட்டிக்கு எதிராக 2003இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியிருக்கிறது. சட்டத்தை நாடுபவர் முதலில் வட்டி எவ்வளவு என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

ஊராட்சிக் கணக்கு

வீட்டுக் கணக்கோடு இது நிற்பதில்லை. 1994 ஊராட்சிகள் சட்டத்தின்படி தலித் மக்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் நம்மவர் தலைவராகிறார். ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். துணைத் தலைவர் கையெழுத்துப் போட மறுத்துத் தலித் தலைவரை முடக்கிய செய்திகளை நாம் பலமுறை படித்திருக்கிறோம். "அவருக்குக் கணக்கு வழக்குத் தெரியாது" என்று சொல்லி ஊராட்சிச் செயலரோ வேறு ஒருவரோ எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொள்வதும் நடக்கிறது. கடைசியில் தணிக்கையில் குறை வரும்போது பதில் சொல்லும் பொறுப்பு மட்டும் தலைவர் தலையில் விழுகிறது.

இந்த இடத்தில் அந்த ஊரிலேயே அக்கவுண்ட்ஸ் படித்த நாலு பிள்ளைகள் இருந்தால் நிலைமை மாறும். குடியரசு நாள், தண்ணீர் நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள், உள்ளாட்சி நாள் என ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அங்கே வரவு செலவு படிக்கப்பட வேண்டும். எந்தத் தலைப்பில் எவ்வளவு வந்தது, காலனிக்குக் குடிநீர்க் குழாய் போட எவ்வளவு செலவானது என்று கேட்க ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை உண்டு. பெறுதல்கள் செலுத்தல்கள் கணக்கை எப்படிப் படிப்பது என்பது பன்னிரண்டாம் வகுப்பில் லாப நோக்கற்ற அமைப்புகளின் கணக்குப் பாடத்தில் வருகிறது. படித்ததைக் கிராம சபையில் பயன்படுத்தத் தனியாக எந்தச் சான்றிதழும் தேவையில்லை.

படித்து எங்கே போகலாம்?

பெற்றோர் கேட்பது இதைத்தான். நேராகவே சொல்லிவிடுவோம்.

முதல் வழி, பி.காம். திருவண்ணாமலை, செய்யாறு போன்ற ஊர்களில் அரசு கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு இட ஒதுக்கீடு (அதில் அருந்ததியருக்கு 3), பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. பெற்றோர் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பதினோராம் வகுப்பிலிருந்தே போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது.

இரண்டாவது, பட்டயக் கணக்கர் படிப்பு, அதாவது சி.ஏ. பிளஸ் டூ முடித்ததும் அடிப்படைத் தேர்வு, பிறகு இடைநிலை, அதன்பின் இறுதித் தேர்வு. நடுவில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் இரண்டு ஆண்டு பயிற்சி. அடிப்படைத் தேர்வில் நான்கு தாள். ஒவ்வொன்றிலும் குறைந்தது 40, மொத்தத்தில் 50 விழுக்காடு வேண்டும். பி.காம். முடித்து 55 விழுக்காடு எடுத்தவர்கள் அடிப்படைத் தேர்வு எழுதாமல் நேராக இடைநிலைக்குப் போகலாம். கடினமான படிப்புதான். ஒரே தடவையில் தேறாதவர்களே அதிகம். ஆனால் இதற்கு நீட் தேர்வு கிடையாது, லட்சக்கணக்கில் கல்லூரிக் கட்டணம் கிடையாது. செலவுக் கணக்கர், நிறுவனச் செயலர் படிப்புகளும் இதே வகை. ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு இவற்றுக்கான பயிற்சியைத் தாட்கோ அவ்வப்போது அறிவிக்கிறது. மாவட்ட தாட்கோ அலுவலகத்தில் கேட்டு வைக்க வேண்டும்.

மூன்றாவது, அரசு வேலை. கருவூலம், உள்ளாட்சி நிதித் தணிக்கை, கூட்டுறவு, அறநிலையத் துறைத் தணிக்கை என்று கணக்கையே தொழிலாகக் கொண்ட துறைகள் பல. அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளில் தட்டச்சு, சுருக்கெழுத்தோடு கணக்கியலும் உண்டு. பலர் தட்டச்சை மட்டும் எழுதிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

நான்காவது, நம் மாவட்டத்திலேயே இருக்கும் வேலை. ஆரணியில் அரிசி ஆலைகளும் பட்டு வியாபாரமும். செய்யாறில் சிப்காட் தொழிற்சாலைகள். திருவண்ணாமலை நகரில் கிரிவலத்துக்கு வரும் கூட்டத்தை நம்பிய விடுதிகளும் உணவகங்களும் கடைகளும். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்த பிறகு, வரம்புக்கு மேல் விற்பனை உள்ள ஒவ்வொரு கடைக்கும் கணக்கு ஒப்படைக்க ஆள் தேவைப்படுகிறது. டேலி தெரிந்த, ஜிஎஸ்டி படிவம் நிரப்பத் தெரிந்த ஒருவர் நான்கைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதிச் சம்பாதிக்கலாம்.

ஐந்தாவது வழியை நாம் நினைப்பதே இல்லை: சொந்தத் தொழில். அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில் முனைவோருக்கு முதலீட்டில் 35 விழுக்காடு மானியம், ஒன்றரைக் கோடி ரூபாய் வரை கிடைக்கிறது. வட்டியில் 6 விழுக்காட்டை அரசு ஏற்கிறது. 2016இல் தொடங்கிய ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டம், ஒவ்வொரு வங்கிக் கிளையும் ஒரு பட்டியல் சாதி அல்லது பழங்குடித் தொழில் முனைவோருக்கு 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன் தர வேண்டும் என்ற நோக்கத்தில் அறிவிக்கப்பட்டது. இப்படி எந்தத் தொழில் கடனுக்குப் போனாலும் வங்கி மேலாளர் முதலில் கேட்பது திட்ட அறிக்கை. அதில் எதிர்பார்க்கும் லாப நட்டக் கணக்கும் இருப்புநிலைக் குறிப்பும் இருக்க வேண்டும். அதைப் பணம் கொடுத்து வெளியாளிடம் எழுதி வாங்கிப் போகிறோம். மேலாளர் குறுக்குக் கேள்வி கேட்டால் பதில் தெரியாமல் திரும்புகிறோம். நம் தொழிலின் கணக்கு நமக்கே தெரியாதபோது கடன் எப்படிக் கிடைக்கும்?

கணக்கு தெரிந்தால் சாதி போய்விடுமா?

போகாது. இதை மறைத்துப் பேசுவது நம் பிள்ளைகளை ஏமாற்றுவது. அம்பேத்கரே பரோடாவிலிருந்து திரும்பிய பின் பம்பாயில் முதலீட்டு ஆலோசனைத் தொழில் தொடங்கினார். அவர் தீண்டத்தகாத சாதி என்று தெரிந்ததும் வாடிக்கையாளர் வரவில்லை, தொழில் நின்றது. சிடன்ஹாமில் பேராசிரியர் அறையின் தண்ணீர்ப் பானையைத் தொடக் கூடாது என்று எதிர்ப்பு எழுந்தது. நம் ஊரிலும் கல்லாப் பெட்டி வேலைக்குச் சொந்தக்காரப் பையனைத்தான் வைப்பார்கள். "எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை?" என்ற கேள்வி வேலை கேட்டுப் போகும் இடத்தில் இன்னும் வருகிறது.

கணக்குப் படிப்பு அந்தக் கேள்வியை நிறுத்தாது. ஆனால் அந்தக் கேள்வி கேட்க முடியாத கதவுகளை அது திறக்கிறது. தேர்வாணையத் தேர்வும் சி.ஏ. தேர்வும் எண்களை மட்டுமே பார்க்கின்றன. கணக்குப்பதிவியலில் விடை ஒன்றுதான். இருப்பாய்வில் இரண்டு பக்கமும் சமமாகாவிட்டால் எங்கோ பிழை. ஒவ்வோர் ஆண்டும் இந்தப் பாடத்தில் நூற்றுக்கு நூறு எடுப்பவர்கள் ஆயிரத்தைத் தாண்டுகிறார்கள். அதில் நம் பிள்ளைகளும் இருக்க முடியும்.

தடை எங்கே?

முதல் தடை, சேர்க்கை நாளிலேயே இருக்கிறது. காமர்ஸ் என்று சொல்லும்போது எந்த நான்காவது பாடம் என்று யாரும் விளக்குவதில்லை. கணினிப் பயன்பாடுகள் உள்ள பிரிவு உண்டு, வணிகக் கணிதமும் புள்ளியியலும் உள்ள பிரிவு உண்டு, வரலாறு உள்ள பிரிவு உண்டு. சி.ஏ. நோக்கம் இருக்கும் பிள்ளைக்கு வணிகக் கணிதம் பெரிய உதவி. அடிப்படைத் தேர்வில் ஒரு தாளின் பெரும்பகுதி கணிதமும் புள்ளியியலும்தான். டேலி வேலை நோக்கம் என்றால் கணினிப் பயன்பாடுகள். அரசுத் தேர்வு எழுத வரலாறு உதவும். தலைமை ஆசிரியர் கேட்கும்போது தலையை ஆட்டிவிட்டு வராமல், "இந்தப் பள்ளியில் எந்தெந்தப் பிரிவு இருக்குங்க ஐயா?" என்று பெற்றோர் கேட்க வேண்டும். பக்கத்துப் பள்ளியில் வேண்டிய பிரிவு இருந்தால் அங்கே சேர்க்கலாம்.

இரண்டாவது, கணினி. 2018, 2019இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் கணினிமயக் கணக்கியலும் டேலியும் இருக்கின்றன. கிராமப் பள்ளியில் அதைக் கரும்பலகையில் படம் போட்டு நடத்தினால் யாருக்கும் பயனில்லை. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் இதில் தனிக் கவனம் பெற வேண்டும். ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுதி வைத்துக் கேட்க வேண்டும்.

மூன்றாவது, மொழி. தமிழ்வழியில் பற்று, வரவு, பேரேடு, தேய்மானம் என்று தெளிவாகப் படித்த பிள்ளை, சி.ஏ. தேர்வுக்குப் போனால் அங்கே தமிழ் இல்லை. ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத வேண்டும். டேலித் திரையிலும் டெபிட், கிரெடிட், லெட்ஜர்தான். பாடப் புத்தகத்தின் தமிழ்ப் பதிப்பையும் ஆங்கிலப் பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நாளுக்குப் பத்துச் சொல் எழுதிப் பழகினால் இரண்டு ஆண்டில் இந்தச் சுவர் உடையும். இரண்டு பதிப்பும் அரசு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

இந்த ஆண்டே தொடங்கலாம்

நம் தெருக்களில் மாலை நேரப் படிப்பு மையங்கள் நடக்கின்றன. அம்பேத்கர் பெயரில் மன்றங்கள் இருக்கின்றன. பிறந்தநாளுக்குக் கொடி கட்டுவதோடு, வாரத்தில் ஒரு மாலையைக் கணக்குக்கு ஒதுக்கலாம். பிளஸ் டூ அக்கவுண்ட்ஸ் படிக்கும் பிள்ளை ஆசிரியராக உட்காரட்டும். கரும்பு வெட்டப் போகிறவர், சூளைக்குப் போகிறவர், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர் ஆகியோர் ஆளுக்கு ஒரு நோட்டு வாங்கட்டும். இடது பக்கம் செய்த வேலை, வலது பக்கம் வாங்கிய பணம். தேதி, அளவு, தொகை. வாரக் கடைசியில் மேஸ்திரியிடம் காட்டி ஒரு கையெழுத்து. மறுத்தால், மறுத்தார் என்பதையும் தேதியோடு எழுதி வைக்க வேண்டும். எழுதத் தெரியாதவருக்கு அந்தப் பிள்ளை எழுதித் தரட்டும். தொழிலாளர் துறையிடமோ கோட்டாட்சியரிடமோ புகார் போகும் நாளில் அந்த நோட்டு நமக்காகப் பேசும்.

தம்பி, தங்கைகளே! "அக்கவுண்ட்ஸ்தான் கிடைச்சுது" என்று சொல்லாதீர்கள். உங்கள் வீட்டுக் கடன் எவ்வளவு, அதற்கு வட்டி எவ்வளவு, அப்பா அம்மாவுக்கு வர வேண்டிய கூலி எவ்வளவு என்ற மூன்று கேள்விக்கும் இன்று இரவு விடை எழுதிப் பாருங்கள். கணக்குப்பதிவியலில் உங்கள் முதல் பயிற்சி அதுதான். அதற்கான விடை புத்தகத்தின் பின்பக்கத்தில் இருக்காது. நீங்களே கண்டுபிடித்து, வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.